சூப்பர்மேன் பற்றிப் பேசப் போகிறேன், கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய சூப்பர்மேன் படவரிசையை இந்தக் காலத்து ரசிகர்களுக்காக எப்படிப் புதுப்பித்தார்கள் என்று அடுத்த மாதம் எங்கள் திரைப்படக் குழுவில் பேச வேண்டும்.

1978-ல் ரிச்சர்ட் டோனர் எடுத்த படத்தில், கூட வேலை செய்யும் நிருபர் லோயிஸ் உள்ளே போனதும், சாதாரண மனிதனாக வேஷம் போட்டிருக்கும் சூப்பர்மேனான கிளார்க் கண்ணாடியைக் கழற்றுவான். கூன் நிமிரும், குரல் கனக்கும். உண்மையைச் சொல்ல வாயெடுத்தவன், அடுத்த நொடியே மனம் மாறி மறுபடி குறுகிவிடுவான். கிராபிக்ஸே இல்லை, எல்லாம் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவின் உடம்பு செய்கிற வித்தை!

2006-ல் பிரையன் சிங்கர் அந்தக் கதையையே தொடர்ந்தார். பழைய படத்தின் மேல் பக்தி கொஞ்சம் ஜாஸ்தி என்பது என் எண்ணம். 2013-ல் வந்த படத்தில் சூப்பர்மேன் உடையின் சிவப்பு ஜட்டியும் போச்சு, 1978 படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட இசையும் போச்சு. 2025 படத்தில் இயக்குநர் ஜேம்ஸ் கன் ஜட்டியை அப்படியே, இசையைச் சற்று மாற்றித் திரும்பக் கொண்டுவந்தார்.

1978-க்குப் பிறகு வந்த இந்த மூன்று படங்களிலும், கிளார்க் வேறு சூப்பர்மேன் வேறு என்று நடிப்பிலேயே தெரிகிற காட்சி எது? தோராயமாக எத்தனையாவது நிமிடம் என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

அப்புறம், ரீவ் படங்களைப் பார்க்காத பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், 2025 படத்தைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள்? திட்டியிருந்தாலும் சரி, அப்படியே எழுதுங்கள்.