புதுப்பிப்பு: வாரம் 2 படம், ஒரு வருடம், தியேட்டரில் மட்டும். முடிந்தது

வாரத்துக்கு 2 படமாவது தியேட்டரில் பார்ப்பது என்று ஒரு வருடச் சவால் எடுத்து, பாதியில் பின்தங்கி, தலைவலியும் சேர்ந்து, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சவாலை முடித்துவிட்டேன்.

கைகொடுத்தது திரைப்பட விழா பாஸ் யோசனைதான். விழாவில் ஒரே நாளில் 4 படம்கூடப் பார்க்கலாம் என்பதால் விட்ட பாக்கி சீக்கிரமே தீர்ந்தது. ஆனால் எதிர்பாராத ஒன்று: நான்காவது படம் முடியும்போது இரண்டாவதின் கதை அதோடு கலந்துவிடுகிறது. படம் முடிந்ததும் வெளியே நின்றே நாலு வரி எழுதிவைத்தால்தான் தப்பிக்கலாம். இப்படி எழுதிவைக்கும்படி ஒருவர் முன்பே சொல்லியிருந்தார்.

தலைவலிக்குத் தீர்வு இருக்கையில் இருந்தது. திரையிலிருந்து அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் உட்காரச் சொன்னீர்கள். ஒலியையும் பொதுவாக அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்வார்களாம். கழுத்துவலியும் போயிற்று. அப்புறம் 3டி காட்சிகளை விட்டுவிட்டேன். அந்தக் கண்ணாடி திரையின் வெளிச்சத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது; அதே படம் 2டியில் ஓடினால் அதுவே மேல்.

வார நாள் காலைக் காட்சி யோசனை எனக்கு ஒத்துவரவில்லை, வேலை நேரம் அப்படி. மறுவெளியீடு கணக்கில் சேருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சேர்த்துக்கொண்டேன். உண்மையில் புதுப்படங்களைவிட அவற்றில்தான் தூக்கம் வரவில்லை.