பில்லில் 118 கேவிஏ, என் கணினியில் 104. லோரா ரேடியோவில் ரீடிங் தொலைகிறதா?

பட்டறைக்காரன்:
வணக்கம். எங்கள் ஒப்பந்த டிமாண்ட் (மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட உச்ச மின்சுமை) 110 கேவிஏ. தாண்டினால் அபராதம். அதனால் மெயின் பேனலில் சொந்தமாக ஒரு மல்டிஃபங்ஷன் மீட்டர் வைத்து, ஆர்எஸ் 485 (தரவு செல்லும் வயர் இணைப்பு) வழியாக ஒரு லோரா அனுப்பியோடு (குறைந்த சக்தியில் தூரம் போகும் ரேடியோ) இணைத்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஒருமுறை கிலோவாட் அளவு ஆபீஸ் கணினிக்கு வரும். அரை மணி நேர ரீடிங்குகளின் சராசரிதான் டிமாண்ட் என்று கணக்கு போட்டு, 105 தாண்டினால் அலாரம் அடிக்கச் செய்திருக்கிறேன்.

போன மாதம் அலாரம் ஒருமுறைகூட அடிக்கவில்லை, அதிகபட்சம் 104. பில்லில் 118! மாத யூனிட் மட்டும் பில்லோடு ஒத்துப்போகிறது. நடுநடுவே ரீடிங் வராமல் போவதையும் பார்க்கிறேன். ரேடியோவை மாற்ற வேண்டுமா?

கூரைமேல்_ஆன்டெனா:
அனுப்பி இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறதா? கதவை மூடினால் சிக்னல் செத்துவிடும். ஆன்டெனாவை மட்டும் வெளியே எடுத்துப் பாருங்கள். எஸ்எஃப் (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்: கூட்டினால் தூரம் கூடும், வேகம் குறையும்) 12-ல் வைத்திருந்தால் 9 அல்லது 10-க்கு இறக்குங்கள். 12-ல் சின்ன செய்திகூட ஒரு நொடியளவு காற்றில் கிடக்கும், பக்கத்துக் கருவியோடு மோத வாய்ப்பு அதிகம்.

பழைய வயர்மேன்:
ஆன்டெனாவை வெளியே எடுப்பது நல்லதுதான். ஆனால் ரேடியோவைத் திட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள் தம்பி. மாத யூனிட் ஒத்துப்போகிறது என்றால் சிடி (பெரிய கரண்டைச் சிறிதாக்கி மீட்டருக்குத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) விகிதமும் மீட்டரும் சரி. கோளாறு டிமாண்டைக் கணக்கிடும் விதத்தில்.

முதலாவது, நீங்கள் படிப்பது கிலோவாட், பில் வருவது கேவிஏவில். பவர் ஃபேக்டர் (கிலோவாட்டைக் கேவிஏவால் வகுத்தது) 0.92 என்று வைத்தால் 104 கிலோவாட் என்பதே 113 கேவிஏ. பாதிக்கு மேல் வித்தியாசம் இங்கேயே போய்விட்டது.

அப்புறம், பில் மீட்டரின் அரை மணி அதன் கடிகாரப்படி தொடங்கும். உங்கள் கணினி எப்போது தொடங்குகிறது? இரண்டும் பத்து நிமிடம் விலகியிருந்தால், பில் மீட்டர் ஒரே பிளாக்கில் (அரை மணித் துண்டில்) பார்க்கும் உச்சத்தை நீங்கள் இரண்டு பிளாக்கில் பிரித்துப் போட்டு இறக்கிவிடுவீர்கள். பில் மீட்டரின் திரையில் நேரம் ஓடும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முக்கியமானது இதுதான்: நிமிட ரீடிங்கை வைத்துச் சராசரி போடாதீர்கள். மீட்டருக்குள் கேவிஏஎச் (கேவிஏவை மணிக்கணக்கால் பெருக்கிய அளவு) கூடிக்கொண்டே போகும் ரெஜிஸ்டர் இருக்கும். பிளாக் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று எடுத்துக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். அரை மணியில் 59 கூடியிருந்தால் டிமாண்ட் 118. நடுவில் பத்து ரீடிங் தொலைந்தாலும் விடை மாறாது. ரீடிங்கோடு நேரத்தையும் அனுப்பும் முனையிலேயே குறித்து அனுப்புங்கள், கணினிக்கு வந்த நேரத்தை நம்ப வேண்டாம்.

இன்னொரு சந்தேகம். ரீடிங் தொலைவது எப்போது? பெரிய மோட்டார் ஓடும்போது மட்டுமா? அப்படியென்றால் லோடு அதிகமான நிமிடங்கள் மட்டும் விடுபட்டு, உங்கள் சராசரி எப்போதும் குறைவாகத்தான் வரும். ஒவ்வொரு செய்தியிலும் ஒரு வரிசை எண் சேருங்கள். எண்ணே விட்டுப்போனால் ரேடியோ. எண் தொடர்ச்சியாக வந்து ரீடிங் மட்டும் காலியாக இருந்தால் ஆர்எஸ் 485 பக்கம்.

பட்டறைக்காரன்:
பவர் ஃபேக்டர் நீங்கள் சொன்னது போல 0.92 பக்கம்தான். வரிசை எண் போட்டுப் பார்த்தேன். எண் ஒன்றுகூட விடுபடவில்லை. கம்ப்ரெசரின் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓடும்போது மட்டும் ரீடிங் காலி. 485 வயர் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போகிறது.

பழைய வயர்மேன்:
பிடிபட்டது. விஎஃப்டியின் மின் இரைச்சல் 485 வயரில் ஏறுகிறது. 485 வயரைத் தனியாகப் பிரித்து விடுங்கள். மோட்டார் கேபிளைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும், இணையாக ஓட வேண்டாம். முறுக்கிய ஜோடி, ஷீல்டு ஒரு முனையில் மட்டும் எர்த், நீளம் அதிகமென்றால் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர். பதில் வராவிட்டால் மீண்டும் கேட்கும்படியும் நிரலில் எழுதுங்கள்.

பட்டறைக்காரன்:
வயரைப் பிரித்துவிட்டேன், காலி ரீடிங் நின்றுவிட்டது. கேவிஏஎச் முறையில் பில் மீட்டரின் திரையில் தெரியும் டிமாண்டோடு ஒரு கேவிஏ வித்தியாசத்துக்குள் வருகிறது. ஆனால் பிளாக் முடிந்தபின் தெரிந்து என்ன பயன்? முன்கூட்டியே எப்படி இறக்குவது?

பழைய வயர்மேன்:
இலக்கு 105 என்றால் அரை மணிக்கு உங்கள் கையிருப்பு 52.5 கேவிஏஎச். இருபதாவது நிமிடத்தில் 41 தீர்ந்திருந்தால் மீதம் 11.5. அதைப் பத்து நிமிடத்துக்கு நீட்ட வேண்டும், அதாவது 69 கேவிஏவுக்கு மேல் இழுக்கக் கூடாது. அப்போது 120 ஓடிக்கொண்டிருந்தால் 51 குறைக்க வேண்டும், அது கஷ்டம். அதனால் பத்தாவது நிமிடத்திலேயே இந்தக் கணக்கைத் தொடங்கி, உடனே தேவைப்படாத லோடை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள்.

லோடை நிறுத்தும் ரிலேவை ஆபீஸ் கணினி இயக்க வேண்டாம். கணக்கு மீட்டர் பக்கத்திலேயே, ஒரு சின்ன கன்ட்ரோலரில் ஓடட்டும். லோரா உங்களுக்குக் காட்டுவதற்கு மட்டும். இணைப்பு அறுந்த அந்த நேரத்தில்தான் உச்சமும் வரும்!

கூரைமேல்_ஆன்டெனா:
கம்ப்ரெசரை நிறுத்தினால் உடனே திரும்பப் போட்டுவிடாதீர்கள். குறைந்தபட்ச ஓய்வு நேரம் அதன் கையேட்டில் இருக்கும், நிரலில் சேருங்கள்.