காந்தி அமர்ந்திருக்கும் பழைய நோட்டு: எது அரிது, விலை எப்படிப் பார்ப்பது?

ஏற்காட்டுக் காப்பி:
பழைய இரும்புப் பெட்டியில் 2, 10 ரூபாய் நோட்டு சில இருக்கு. பின்பக்கம் காந்தி உட்கார்ந்திருக்கிறார். கூடவே 1 ரூபாய் நோட்டும். ஓரத்தில் பழுப்புப் புள்ளி, ஒண்ணுல செலோடேப். கழுவிடலாமாங்க? யூடியூப்ல லட்சத்துக்குப் போகும்ங்கறாங்களே?

செவ்வாய்ப்பேட்டை நோட்டு:
கழுவவே கூடாதுங்க. காந்திக்குப் பின்னாடி தெரியறது சேவாகிராம் ஆசிரமம்; 1969-ல் காந்தி பிறந்த நூற்றாண்டுக்கு வந்த வரிசை. முதல்ல லென்ஸ் வச்சு ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்தைப் பாருங்க. எல்.கே. ஜா கையெழுத்து நிறையக் கிடைக்கும். பி.என். அடார்கர் இருந்தா தனியா எடுத்து வைங்க: 1970 மே, ஜூன்ல 42 நாள்தான் கவர்னரா இருந்தார், அதனால சேகரிப்பாளர்கள் அதைத் தேடுவாங்க. 1 ரூபாயில் கவர்னரைத் தேடாதீங்க, அது அரசு வெளியீடு. நிதித்துறைச் செயலர் கையெழுத்துத்தான் இருக்கும்.

அக்ரஹாரம் லென்ஸ்:
கையெழுத்துக்கு அடுத்தது நிலைமை. ஒரு மடிப்பு விழுந்தாலே 'யூஎன்சி' (புழக்கத்துக்கே போகாத புது நோட்டுங்கற தரம்) போச்சு. பழைய கட்டுல பின் அடிச்ச ஓட்டை இருக்கும், அதுக்காகப் பெரிசா குறைக்க மாட்டாங்க. கழுவி இஸ்திரி போட்ட நோட்டு பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கும். புற ஊதா விளக்குல வச்சா சோப்புத்தூள் பட்ட நோட்டு நீலமா மின்னும், மொடமொடப்பும் இருக்காது. ஓரம் வெட்டினதும் உண்டு. நாலு பக்க வெள்ளை ஓரமும், அதே வகை நோட்டோட அளவும் ஒப்பிடுங்க. செலோடேப்பை உரிக்காதீங்க, மையும் நாரும் கூடவே வந்துடும்.

ஏற்காட்டுக் காப்பி:
புள்ளி பரவுமா அண்ணா?

அக்ரஹாரம் லென்ஸ்:
ஈரம் இருந்தா பரவும் தம்பி, அது பூஞ்சையா இருக்கலாம். ஏற்காட்டு மூடுபனிக்கு மர அலமாரி போதாது. பாலியெஸ்டர் உறையில் ஒவ்வொண்ணா வச்சு, ஈரம் உறிஞ்சற சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் படுக்க வைங்க. ஜெல் ஈரம் ஏறினா மாத்துங்க. பி.வி.சி. உறை வேண்டாம், நாளானா பிசுபிசுத்து நோட்டில் ஒட்டும். நாப்தலின் உருண்டையும் பக்கத்தில் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை நோட்டு:
விலைக்கு: விளம்பரத்தில் கேட்கிற விலையைப் பார்க்காதீங்க, ஏலத்தில் முடிஞ்ச விலையைப் பாருங்க. அதே கையெழுத்து, அதே முன்னெழுத்து (எண்ணுக்கு முன்னாடி இருக்கறது), அதே நிலைமை மூணும் பொருந்தணும். கசங்கின ஜா நோட்டு லட்சத்துக்கு நிச்சயமா போகாது. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி முன்பணம், கமிஷன் கேட்டா ஏமாத்து வேலை. 2021 ஆகஸ்ட்லயே ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டிருக்கு. கையெழுத்து, எண் ரெண்டும் தெரியற மாதிரி படம் போடுங்க, பார்த்துச் சொல்றோம்.