ப்ளூமியே வைத்த பெயர்கள்: செடியின் பலகையில் ஆசிரியர் பெயராக யாரைப் போடுவது?

செடிப்பலகை:

வணக்கம். கல்லூரித் தோட்டத்துச் செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுத ஒரு பட்டியல் தயாராகிறது. அதில் உள்ள பல பேரினப் பெயர்கள், அதாவது செடியின் இருசொல் பெயரில் வரும் முதல் சொற்கள், ஷார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் வைத்தவை என்று படித்தேன். பிகோனியா, ஃபுக்ஸியா, லொபீலியா, மக்னோலியா மட்டுமல்ல, மந்தாரையின் பாஹினியா, நந்தியாவட்டையின் டேபர்னேமொன்டானா, மயிற்கொன்றையின் சீசல்பினியா, வள்ளிக்கிழங்கின் டயஸ்கோரியா எல்லாமே அவர் சூட்டியவை என்கிறார்கள்.

ஒரு செடிப்பெயரை முறைப்படி வெளியிட்டவரை அதன் ஆசிரியர் என்று சொல்லி, பெயருக்குப் பின் சுருக்கி எழுதுகிறார்கள். குழப்பம் இதுதான். ஒரு நூலில் மக்னோலியாவுக்குப் பின் ‘எல்.’ என்று மட்டும் இருக்கிறது, அதாவது லின்னேயஸ் என்ற சுவீடன் தாவரவியலாளர். இன்னொன்றில் ‘ப்ளூம். எக்ஸ் எல்.’ என்று இருக்கிறது. எது சரி? செண்பகத்தை இப்போது மக்னோலியா சம்பகா என்கிறார்களே, அந்தப் பலகையில் ‘பெயரிட்டவர் ப்ளூமியே’ என்று போடலாமா? கள்ளிமந்தாரையின் ப்ளுமேரியா என்ற பெயரும் அவரே தனக்கு வைத்துக்கொண்டதா?

வேர்ச்சொல்:

இரண்டும் சரிதான். காரணத்தைத் தெரிந்துகொண்டால் மற்ற பெயர்களிலும் தடுமாற மாட்டீர்கள்.

ப்ளூமியே 1646-இல் மார்செயில் பிறந்தார். மினிம் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவி. 1689, 1693, 1695 என மூன்று முறை கரீபியத் தீவுகளுக்குப் போய் வந்தார். அமெரிக்கச் செடிகளின் புதிய பேரினங்களைப் பற்றிய அவருடைய இலத்தீன் நூல் 1703-இல் வந்தது. அதில் நூறையொட்டிய புதிய பேரினங்கள். அடுத்த ஆண்டே, பெரு நாட்டுக்குச் சிங்கோனா மரம் தேடிப் புறப்படக் காத்திருந்தபோது, ஸ்பெயினின் காதிஸ் அருகே இறந்துபோனார்.

தாவரப் பெயரிடல் விதிப்படி கணக்கு தொடங்குவது 1753 மே 1, லின்னேயஸின் தாவர இனங்கள் நூலிலிருந்து. அதற்கு முன் அச்சான எந்தப் பெயருக்கும் சட்டப்படி இருப்பு இல்லை. ப்ளூமியேயின் பெயர்களை லின்னேயஸ் எடுத்தாண்டதால்தான் அவை பிழைத்தன. ஆகவே விதியின் கண்ணில் ஆசிரியர் லின்னேயஸ். பெயர் எங்கிருந்து வந்தது என்று காட்ட விரும்பினால் ‘ப்ளூம். எக்ஸ்’ என்று முன்னால் சேர்க்க விதி இடம் தருகிறது. ‘எக்ஸ்’ என்றால் ‘இவரிடமிருந்து எடுத்து’. அதற்கு முன்னால் நிற்பவர் பெயரை யோசித்தவர், பின்னால் நிற்பவர் முறைப்படி வெளியிட்டவர். பலகையில் இடம் போதாவிட்டால் முன்னால் நிற்பவரைத்தான் விட வேண்டும். பலர் தலைகீழாகச் சுருக்கி ‘மக்னோலியா ப்ளூம்.’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை.

ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாப் பெயருக்கும் ‘எக்ஸ் எல்.’ பொருந்தாது. வனிலாவை ப்ளூமியே 1703-இல் பேரினமாக வைத்திருந்தார். ஸ்பானிய மொழியில் சிறு காய் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. லின்னேயஸ் அதை ஏற்காமல் எபிடெண்ட்ரம் என்ற வேறொரு ஆர்க்கிட் பேரினத்துக்குள் தள்ளிவிட்டார். 1754-இல் பிலிப் மில்லர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் வனிலாவை மீட்டெடுத்தார். ஆகவே அது ‘வனிலா ப்ளூம். எக்ஸ் மில்.’

இதெல்லாம் பேரினத்துக்கு. உங்கள் பலகையில் எழுதப்போவது பேரினப் பெயரும் இனச்சொல்லும் சேர்ந்த இனப் பெயர், அதற்கு ஆசிரியர் வேறு. நந்தியாவட்டையைப் பாருங்கள். லின்னேயஸ் அதை 1753-இல் அரளியின் பேரினமான நெரியத்தில் வைத்தார். பிறகு ராபர்ட் பிரவுன் டேபர்னேமொன்டானாவுக்கு மாற்றக் கருதியதை ரோமரும் ஷுல்ட்டெஸும் 1819-இல் வெளியிட்டார்கள். எனவே ‘டேபர்னேமொன்டானா டிவாரிகேட்டா’ என்பதற்குப் பின் அடைப்புக்குறிக்குள் எல்., அதன் பின் ராபர்ட் பிரவுன், எக்ஸ், ரோமர் & ஷுல்ட்டெஸ். அடைப்புக்குறியில் நிற்பவர் இனச்சொல்லை முதலில் தந்தவர், வெளியே நிற்பவர்கள் இன்றைய பேரினத்துக்குக் கொண்டுவந்தவர்கள். இந்த வரிசையில் ப்ளூமியேக்கு இடமே இல்லை, பேரினப் பெயர் அவருடையதாக இருந்தாலும். அவரைச் சொல்ல வேண்டுமென்றால் கீழே தனி வரி: ‘பேரினப் பெயரைத் தந்தவர்: ஷார்ல் ப்ளூமியே, 1703’. ஆசிரியர் பெயருக்குள் செருகாதீர்கள்.

மணல்மேடு:

வேர்ச்சொல் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் ப்ளூமியேயுடையது என்பதால் செடியும் அவர் பார்த்த செடி என்று நினைத்துவிடக் கூடாது. லொபீலியாதான் இதற்குச் சரியான உதாரணம்.

ப்ளூமியே லொபீலியா என்று பெயரிட்டது, கரீபியக் கடற்கரை மணலில் வளரும் சதைப்பற்றான இலைகளுள்ள ஒரு புதர். மத்தியாஸ் தெ லொபெல் என்ற பழைய தாவரவியலாளரின் நினைவாக வைத்தார். லின்னேயஸ் அந்தப் பெயரை எடுத்து, முற்றிலும் வேறான பால் வடியும் செடிகளையும் அதன் கீழ் கொண்டுவந்தார். நீலகிரியில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் காட்டுப்புகையிலை, அதாவது லொபீலியா நிகோஷியானிஃபோலியா, இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. கடைசியில் பெயர் இவற்றிடமே தங்கிவிட்டது. ப்ளூமியேயின் உண்மையான செடியை வால் என்ற தாவரவியலாளர் ஸ்கேவோலா பேரினத்துக்கு அனுப்பினார். இன்று அது ஸ்கேவோலா ப்ளூமியேரி. பேரினப் பெயரை இழந்த செடியின் இனச்சொல்லில் அதைக் கண்டவரின் பெயர் நிற்கிறது. அட்லாண்டிக் கரைகளைத் தாண்டி ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கைக் கடற்கரைகளிலும் இந்த இனம் உண்டு.

ஏன் இந்தக் குழப்பம் வந்தது என்று பூவைக் கையில் எடுத்தால் தெரியும். இரண்டிலும் அல்லிக்குழல் முதுகுப்பக்கம் நெடுக்காகப் பிளந்திருக்கும். அதனால் பாதிப் பூவைக் கிள்ளி எறிந்ததுபோல இதழ்கள் ஒரு பக்கமாக விரியும். வேறுபாடு உள்ளே இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு போதும். லொபீலியாவில் மகரந்தப் பைகள் ஐந்தும் ஒட்டி ஒரு குழாயாகிச் சூல்தண்டைச் சுற்றி நிற்கும். ஸ்கேவோலாவில் அவை தனித்தனி. சூல்தண்டின் நுனியில் மயிர் விளிம்புள்ள ஒரு சிறு கிண்ணம் இருக்கும், மகரந்தம் அதில் சேரும். லென்சு இல்லையென்றால் இலையைக் கிள்ளுங்கள். பால் வந்தால் லொபீலியா, வராவிட்டால் ஸ்கேவோலா. காட்டுப்புகையிலையின் பால் நஞ்சு, கண்ணில் படக் கூடாது. கை கழுவிவிடுங்கள்.

கடற்கரைத் தோட்டங்களில் இன்னொரு தவறும் நடக்கிறது. ஸ்கேவோலா டக்காடாவுக்கு ப்ளூமியேரி பலகை மாட்டிவிடுவார்கள். காய்க்கும்வரை பொறுங்கள். டக்காடாவின் கனி வெள்ளை, ப்ளூமியேரியின் கனி பழுத்தால் கறுப்பு.

செடிப்பலகை:

மிக்க நன்றி. அப்படியானால் மக்னோலியாவிலும் இதே கதைதானா? செண்பகத்துக்கு எழுத வேண்டியது என்ன? பிகோனியாவையும் ஃபுக்ஸியாவையும் பற்றி யாராவது சொல்லுங்கள்.

சோலைமலர்:

ஏறக்குறைய அதேதான், ஆனால் முடிவு கொஞ்சம் நல்லபடியாக அமைந்தது. ப்ளூமியேயின் மக்னோலியா மார்த்தினீக் தீவின் மரம். மோன்பெல்லியே நகரத்துப் பேராசிரியர் பியேர் மன்யோல் நினைவாக வைத்தார். லின்னேயஸ் 1753-இல் அந்தப் பெயரை வட அமெரிக்க மரத்துக்குக் கொடுத்தார், மக்னோலியா வர்ஜினியானா. மார்த்தினீக் மரம் நெடுங்காலம் டலௌமா என்ற வேறு பேரினத்தில் கிடந்தது. பிறகு அந்தப் பேரினமே மக்னோலியாவுக்குள் சேர்க்கப்பட்டதால், இன்று அது மக்னோலியா டோடெகாபெட்டாலா. பெயர் சூட்டப்பட்ட மரம் தன் பெயரைத் திரும்பப் பெற்றுவிட்டது!

செண்பகமும் இந்தச் சேர்க்கையில்தான் வந்தது. லின்னேயஸ் வைத்த பெயர் மிசேலியா சம்பகா, இத்தாலியரான மிக்கேலி நினைவாக. ஆகவே பலகையில் ‘மக்னோலியா சம்பகா’, அடைப்புக்குறிக்குள் எல்., பின் பாயோன் எக்ஸ் பியேர். ‘பெயரிட்டவர் ப்ளூமியே’ என்று போடாதீர்கள், அவர் செண்பகத்தைப் பார்த்ததே இல்லை. பழைய பெயரான மிசேலியாவைச் சிறிய எழுத்தில் கீழே தாருங்கள். மாணவர்களின் பாடநூல்களில் இன்னும் அதுதான் இருக்கிறது, இல்லாவிட்டால் இரண்டும் வேறு மரம் என்று எண்ணிவிடுவார்கள்.

பிகோனியாவுக்கு மிஷேல் பேகோன் காரணம். கரீபியத் தீவுகளில் பிரெஞ்சு நிர்வாகியாக இருந்தவர், ப்ளூமியேயைப் பயணத்துக்குப் பரிந்துரைத்தவர். அதனால் அந்தப் பெயரில் ஒரு நன்றிக்கடன் இருக்கிறது. லின்னேயஸ் 1753-இல் பிகோனியா ஒப்லிக்குவா என்ற ஒரே இனத்தைத்தான் தந்தார். ஒப்லிக்குவா என்றால் சாய்ந்தது. இலையை நடுநரம்பில் மடித்துப் பாருங்கள், இரண்டு பாதியும் பொருந்தாது, காம்படியில் ஒரு தோள் இறங்கியிருக்கும். பூவின் கீழ்ப்புறம் சூலகம் சிறகுகளோடு துருத்தினால் அது பெண் பூ. வெறும் காம்பாக இருந்தால் ஆண் பூ. ஒரே செடியில் இரண்டும் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வந்த செடி என்றால் பிகோனியா மலபாரிகா லாம். (லாம். என்பது லாமார்க்) ஆக இருக்கலாம். நாற்றுப்பண்ணையில் வாங்கிய வண்ண இலைச் செடிக்கு அந்தப் பெயரை எழுதிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் கலப்பினங்கள்.

ஃபுக்ஸியாவில் எழுத்துக்கூட்டல்தான் கண்ணி. லெயோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளரின் பெயர் அது. ஆங்கில எழுத்தில் எஃப், யூ, சி, எச், எஸ் என்று ஐந்தையும் எழுதி, பின் ஐ, ஏ. எஸ்ஸை முன்னால் தள்ளிச் சி, எச்சைப் பின்னால் போட்ட பலகைகளே எங்கும் கண்ணில் படுகின்றன. அச்சகத்துக்குக் கொடுக்குமுன் ‘ஃபுக்ஸ் + இயா’ என்று பிரித்துச் சரிபாருங்கள்.

ப்ளூமியே கண்டது ஹிஸ்பானியோலா தீவின் செடி. அவர் எழுதிய பெயர் ஒரு சொற்றொடர்: ‘மூன்றிலை கொண்ட, செந்நிறப் பூவுள்ள ஃபுக்ஸியா’. லின்னேயஸ் அதை வெட்டி ஃபுக்ஸியா ட்ரைஃபில்லா ஆக்கினார். கணுவுக்கு மூன்று இலை, நீண்ட குழல்போன்ற ஆரஞ்சுச் சிவப்புப் பூ. உதகை, கொடைக்கானல் தொட்டிகளில் தொங்கும் பாவாடை விரிந்த இருநிறப் பூக்கள் இந்த இனம் அல்ல, தென்னமெரிக்க இனங்களிலிருந்து வந்த கலப்பினங்கள். அவற்றுக்குப் பேரினப் பெயரும், தெரிந்தால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வளர்ப்பு வகைப் பெயரும் போதும். ஆசிரியர் பெயர் வேண்டாம்.

வேர்ச்சொல்:

கள்ளிமந்தாரைக் கேள்வி விட்டுப்போயிற்று. அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்டதல்ல. அவருடைய காலத்தவரான பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூர்ன்ஃபோர் அவரைச் சிறப்பிக்க வைத்தது ப்ளுமேரியா, லின்னேயஸ் அப்படியே ஏற்றார். ப்ளூமியேயும் தூர்ன்ஃபோரின் குடும்பப் பெயரான பித்தோனை வைத்துப் பித்தோனியா என்றொரு பேரினம் தந்தார். அதை லின்னேயஸ் டூர்னெஃபோர்ஷியா என்று மாற்றிவிட்டார். ப்ளுமேரியாவில் ‘மி’ வராது, ‘மே’தான். ப்ளுமீரியா, ப்ளுமியேரா என்றெல்லாம் எழுதுவது வேண்டாம். இலை நுனி கூர்மையென்றால் ரூப்ரா, மழுங்கி உருண்டிருந்தால் ஒப்டூசா.

மயிற்கொன்றையிலும் ஒரு எச்சரிக்கை. சீசல்பினியா புல்கெரிமா என்ற பெயர் அப்படியே நிற்கிறது, அடைப்புக்குறிக்குள் எல்., பின் ஸ்வார்ட்ஸ். ஆனால் அந்தப் பேரினத்தை அண்மையில் பல துண்டாக்கிவிட்டார்கள். பழைய பட்டியலில் சீசல்பினியா என்றிருக்கும் கழற்சி இப்போது கிலாண்டினா பொண்டுக், சாயமரமான பதிமுகம் பியாங்கேயா சப்பான். ஒன்றைப் பார்த்து மற்றதையும் அப்படியே நகலெடுக்காதீர்கள்.

மந்தாரைக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பாஹினியா என்பது தாவரவியலாளர்களான பொஹான் சகோதரர்கள் இருவரின் பெயர். ஒரே காம்பில் இரட்டையாகப் பிளந்த இலை உடன்பிறந்த இருவருக்குப் பொருத்தம் என்று லின்னேயஸே 1737-இல் எழுதினார். மரத்தடியில் நிற்கும் பிள்ளை இலையைப் பறித்துப் பார்த்த நொடியில் பெயர் மனத்தில் பதிந்துவிடும். யாழ்ப்பாணத்து இராசவள்ளிக் கிழங்கான டயஸ்கோரியா அலாட்டாவுக்கும் இப்படி ஒரு வரி தரலாம், கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் பெயர் அது.

மணல்மேடு:

பலகையைப் பொருத்துவது பற்றி யாரும் சொல்லவில்லை. செண்பகம், மந்தாரை போன்ற மரங்களில் கம்பியைச் சுற்றிக் கட்டாதீர்கள், மரம் பருக்கும்போது பட்டைக்குள் இறங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி இரண்டு, ஒவ்வொன்றிலும் பலகைக்கும் திருகாணித் தலைக்கும் நடுவே ஒரு சுருள்வில். மரம் பருக்கப் பருக்க வில் சுருங்கி இடம் கொடுக்கும். வில் முழுக்க இறுகுமுன் திருகாணியைத் தளர்த்திவிட வேண்டும். கள்ளிமந்தாரையில் திருகாணியே கூடாது. தண்டு சதைப்பற்றானது, துளையில் பால் வடிந்து அந்த இடம் அழுகத் தொடங்கும். அதற்கும் பிகோனியாவுக்கும் தரையில் ஊன்றும் குச்சிப் பலகைதான்.

செடிப்பலகை:

எல்லோருக்கும் நன்றி. செண்பகத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள். முதல் வரி: செண்பகம். இரண்டாம் வரி, முழுவதும் சாய்வெழுத்தில்: மக்னோலியா சம்பகா (எல்.) பாயோன் எக்ஸ் பியேர். மூன்றாம் வரி: மக்னோலியேசி குடும்பம். நான்காம் வரி: பழைய பெயர் மிசேலியா சம்பகா. ஐந்தாம் வரி: பேரினப் பெயரைத் தந்தவர் ஷார்ல் ப்ளூமியே, 1703.

சோலைமலர்:

ஒரே ஒரு திருத்தம். சாய்வெழுத்து ‘சம்பகா’வோடு நிற்கட்டும். அடைப்புக்குறி தொடங்கி ‘பியேர்’ வரை நேரெழுத்து, ‘எக்ஸ்’ உட்பட. நான்காம் வரியின் பழைய பெயர் மறுபடி சாய்வு. ஐந்தாம் வரியில் ‘மார்த்தினீக் தீவின் வேறொரு மரத்துக்காக’ என்ற சொற்களையும் சேர்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.