ஊர்ப் பெரியவர்கள் பத்திரத்தில் பிள்ளைகளைப் பிரித்து எழுதினால் செல்லுமா? (தங்கச்சிமடம் பக்கம்)

கேட்டவர்: கடலோரவாசி

வணக்கம். தங்கச்சிமடம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவன் மனைவி பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது, விவாகரத்து வழக்கு இன்னும் போடவில்லை. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. தகப்பன் விசைப்படகில், பிடிக்கும் மீனில் பங்கு என்ற கணக்கில் கடலுக்குப் போகிறவர். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்து, "மகன் தகப்பனிடம், மகள் தாயிடம், ஞாயிறுகளில் மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்" என்று 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி, நோட்டரியும் வாங்கியாகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மகனை அனுப்புவதில்லை. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) கொடுத்துவிட்டு, கோர்ட்டுக்குப் போங்கள் என்கிறார்கள்.

பத்திரம் செல்லுமா? 5 வயதுக்குக் கீழே இருந்தால் தாயிடம்தான் என்பது சட்டமா? எங்கே, என்ன மனு போட வேண்டும்?

பதில்: முகவை வழக்காடி

பத்திரத்தை வைத்துப் பிள்ளையைக் கூட்டி வர முடியாது. நோட்டரி முத்திரை, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அதன் நலனைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். பெற்றோர் ஒப்பந்தம் அதைக் கட்டுப்படுத்தாது. அதற்காகக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஞாயிறு சந்திப்புக்குத் தகப்பன் ஒப்புக்கொண்டார் என்பதற்கு அது நல்ல ஆவணம், மனுவோடு இணையுங்கள்.

போலீஸ் சொன்னதும் பெரும்பாலும் சரியே. பெற்ற தகப்பன் தன் மகனை வைத்திருப்பதைக் கடத்தல் என்று பதிவு செய்வது கடினம். ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போடலாம்தான். குழந்தைக் காவல் விஷயத்திலும் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019ல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் சொன்னது. ஆனால் காவலில் வைத்திருப்பது சட்டவிரோதம் என்று காட்ட வேண்டும். இந்த விஷயத்தில் அம்மாவே கையெழுத்துப் போட்டுத்தான் மகனை அனுப்பியிருக்கிறார். அந்த வழி இங்கே பலவீனம்.

5 வயது விதி 1956ம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின் 6வது பிரிவில் வருகிறது. அதிலும் "சாதாரணமாக" தாயிடம் என்றுதான் இருக்கிறது. நீங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் அந்தச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு 1890ம் ஆண்டு காப்பாளர் மற்றும் இளவர் சட்டம். விவாகரத்து வழக்கும் போட்டால் 1869ம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 43வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். 4 வயது மகள் தாயிடம் இருப்பதைப் பெரும்பாலும் எந்த நீதிபதியும் கலைக்க மாட்டார். ஆனால் "5 வயதுச் சட்டப்படி" என்று மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். எழுத வேண்டியது பிள்ளையின் நலன்: யார் பள்ளிக்கு அனுப்புகிறார், யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார், தகப்பன் கடலுக்குப் போன இரவுகளில் மகன் யாரோடு படுக்கிறான்.

அண்ணனையும் தங்கையையும் பிரித்து எழுதியதுதான் அந்தப் பத்திரத்தின் பெரிய ஓட்டை. உடன்பிறந்தவர்களைப் பிரிக்க நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. ஆளுக்கொன்று என்பது ஊர்க் கணக்கு. பிள்ளைகள் பொருட்களோ பெற்றோரின் விளையாட்டுப் பொம்மைகளோ அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973லேயே ரோஸி ஜேக்கப் வழக்கில் எழுதிவிட்டது. அதுவும் ஒரு கிறிஸ்தவக் குடும்ப வழக்குதான்.

மனு எங்கே என்றால், பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்தின் எல்லையில் (1890ம் ஆண்டுச் சட்டம், 9வது பிரிவு). இருவருமே ராமேஸ்வரம் தீவில் இருப்பதால் ராமநாதபுரம்தான், குழப்பமில்லை. 7, 25 பிரிவுகளைச் சேர்த்து முதன்மை மனு; அதோடு 12வது பிரிவில் இடைக்கால மனு. இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் முதன்மை மனு முடியும்வரை பிள்ளையைப் பார்க்க வழியிருக்காது. பிறப்புச் சான்று, கோயிலில் எழுதிய திருமணப் பதிவின் நகல், மகனின் பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, ஆதார், பத்திரத்தின் நகல், சி.எஸ்.ஆர். இவ்வளவு போதும்.

நோட்டீஸில்தான் பலருக்கு வழுக்குகிறது. தகப்பன் வேறு மீன்பிடித் துறைமுகத்தில் தங்கித் தொழில் பார்த்தால் தபால் திரும்பி வரும். வீட்டு முகவரி, அவர் போகும் படகின் உரிமையாளர் முகவரி இரண்டையும் கொடுங்கள். சரியாகச் சேராமல் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வாங்கினால், அவர் பின்னால் வந்து ரத்து செய்ய மனுப் போடுவார், கதை முதலிலிருந்து தொடங்கும்.

9 வயது மகனிடம் நீதிபதி தனியறையில் பேசக்கூடும். அவன் சொல்வதையும் கணக்கில் எடுப்பார் (17வது பிரிவு), ஆனால் அதுவே தீர்ப்பு அல்ல. சொல்லிக் கொடுத்து அனுப்பினால் இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

பதில்: பாம்பன் பாலம்

வழக்காடி அண்ணன் சொன்னதோடு ஒன்று. உத்தரவில் என்ன எழுதச் சொல்கிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி. "முதல், மூன்றாம் ஞாயிறு காலை 10 முதல் மாலை 4 வரை" என்று வழக்கமாக ஒரு வரி வரும். மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிப் போய் மறுநாள் காலையில் திரும்புகின்றன. சனிக்கிழமை போனவர் ஞாயிறு காலை மீனை இறக்கி, பங்கு பிரித்து, வீடு வந்து தூங்க மத்தியானம் ஆகும். 10 மணிக்குப் பிள்ளையை ஒப்படைக்க அவர் இருக்க மாட்டார். இருக்கிறவர்கள் கதவைத் திறக்க மாட்டார்கள். வேண்டுமென்றே மறுத்தார் என்று இந்தப் பக்கம் மனு, கடலில் இருந்தேன் என்று அந்தப் பக்கம் பதில். இப்படியே வாய்தா ஓடும்.

ஆகவே நீங்களே கேட்டு எழுத வையுங்கள். மகன் இப்போதைக்குத் தகப்பனிடம் இருந்தால் வெள்ளி பள்ளி விட்டதும் தாய் நேராகப் பள்ளியிலேயே அழைத்துக்கொள்வது, ஞாயிறு மாலை 5 மணிக்குத் திருப்பி விடுவது. பள்ளி வாசலில் மாற்றினால் இரண்டு வீட்டாரும் முகம் பார்க்க வேண்டாம். உத்தரவின் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். தகப்பன் கடலில் இருந்தால் யார் ஒப்படைப்பார் என்று ஓர் ஆளைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும், அப்பத்தாவாக இருந்தாலும் சரி.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நடுவில் மே மாதம் முழுப் பள்ளி விடுமுறை. இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகத் தகப்பனோடு இருக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. பாதி விடுமுறை இங்கே, பாதி அங்கே என்று தேதி போட்டு எழுதினால் அவரும் சம்மதிப்பார். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆண்டு மாற்றி ஆண்டு. பிள்ளையை மாற்றும் இடமாக ராமேஸ்வரம் பேருந்து நிலையத்தைப் போடாதீர்கள், ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் பெரியவர்களே தொலைந்து போவார்கள்.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரிய வரி: இலங்கைக் கடற்படை பிடித்துப் போய்த் தகப்பன் திரும்பி வராத நாட்களில் பிள்ளைகள் இருவரும் யாரிடம், அப்பத்தா வீட்டார் எப்போது பார்க்கலாம். இதை எழுதாமல் விட்டு அந்த நேரத்தில் சண்டை போடுவது கொடுமை.

"நியாயமான சந்திப்பு" என்ற சொல்லை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாள், மணி, இடம் இல்லாத உத்தரவை நிறைவேற்று மனுவில் கொண்டு போனால் எதை மீறினார் என்று காட்ட முடியாது.

பதில்: கீழக்கரை வாசகி

இங்கே ஜமாஅத்தில் எழுதும் கடிதத்துக்கும் இதே நிலைதானா? தகப்பன் துபாயில் இருந்தால்?

பதில்: முகவை வழக்காடி

அதே நிலைதான். இஸ்லாமியச் சட்டத்தின் ஹனஃபி முறையில் மகன் 7 வயது வரை, மகள் பருவமடையும் வரை தாயிடம் என்ற விதியை நீதிமன்றம் பார்க்கும், ஆனால் பிள்ளையின் நலன் அதற்கு மேல். துபாய் என்றால் வீடியோ அழைப்பை உத்தரவில் கேளுங்கள். 2020ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு நல்ல அழுத்தம் கொடுத்திருக்கிறது. துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னே, ஆகவே அங்கே இரவு 8 என்றால் இங்கே பிள்ளை தூங்கும் நேரம். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், வெளிநாடு கூட்டிப் போக அனுமதி வேண்டுமா என்பதும் அதே உத்தரவில் வரட்டும்.

கேட்டவர்: கடலோரவாசி

மிக்க நன்றி அண்ணே. செலவுக்கு என்ன செய்வது? பங்குக்காரருக்குச் சம்பளச் சீட்டே கிடையாதே. வக்கீலுக்கும் வசதி இல்லை.

பதில்: முகவை வழக்காடி

வக்கீலுக்கு ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது, இலவசம். 15100க்குப் பேசினாலும் வழி சொல்வார்கள். ஜீவனாம்சம் தனி மனு, இப்போது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144வது பிரிவு, பழைய சட்டத்தின் 125 தான். தாய் வசிக்கும் இடத்திலேயே போடலாம். ரஜ்னேஷ் எதிர் நேஹா (2020) தீர்ப்புப்படி இருவரும் சொத்து, வருமான உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். அவர் வருமானத்தைக் குறைத்து எழுதினால் காட்ட வேண்டியவை: மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் விவரம், வங்கிக் கணக்கு, படகில் பங்கு இருந்தால் மீன்வளத்துறைப் பதிவு. படகு உரிமையாளரை அழைத்துப் பங்குக் கணக்கு கேட்கவும் மனுப் போடலாம், ஆனால் ஊரில் பகை வரும். முதலில் மற்றவற்றைப் பாருங்கள்.

பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு மனு. இதைச் செய்தால் அதில் அடி விழும்.

பெரியவர்கள் இன்னும் ஒத்துழைத்தால் புதிய ஷரத்துகளை இருவரும் ஒப்புக்கொண்டு, கூட்டு மனுவாகத் தாக்கல் செய்து நீதிமன்ற உத்தரவாக மாற்றிக்கொள்ளலாம். சம்மத உத்தரவின் மேல் மேல்முறையீடு கிடையாது, ஆகவே கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை வளர்ந்து நிலைமை மாறினால் அதே நீதிமன்றத்தில் மாற்றக் கேட்கலாம், காவல் உத்தரவு எதுவும் நிரந்தரம் இல்லை.