மதுரையில் ஓவிய விற்பனைக் கூடம்: ஆலோசனை வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சமகால ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் கூடம் ஒன்றை மதுரை தல்லாகுளத்தில் தொடங்கவிருக்கிறேன். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவான பின்னரும் நவீன ஓவியச் சந்தை பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே இருப்பதால், தென்மாவட்ட இளம் ஓவியர்களுக்குத் தம் ஊர்ப்பக்கத்திலேயே கண்காட்சி அமைய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

சித்திரைத் திருவிழாவையொட்டி ஒரு குழுக் கண்காட்சியும், மற்ற மாதங்களில் தனிநபர் கண்காட்சிகளும் நடத்த எண்ணியுள்ளேன். விற்பனைத் தொகையில் பாதி வரை கூடங்கள் எடுத்துக்கொள்வது வழக்கத்தில் உண்டு. முதன்முறை காட்சிப்படுத்துபவரிடம் அவ்வளவு பெறுவது நியாயமாகத் தோன்றவில்லை. எவ்வளவு பங்கு பொருத்தமாக இருக்கும்? கொண்டுவரும் வழியில் படைப்பு சேதமடைந்தால் இழப்பை யார் ஏற்பது? இவற்றைத் தெளிவாக வரையறுக்கும் தமிழ் ஒப்பந்த மாதிரி எவரிடமேனும் இருப்பின், அன்புகூர்ந்து பகிர வேண்டுகிறேன்.