பேரல் டீசல்ல தண்ணி: எங்கிருந்து வருது, எப்படி எடுக்கறது

டெல்டா டில்லர்:
பவர் டில்லரையும் மினி டிராக்டரையும் ஒவ்வொரு தடவையும் பங்க்குக்கு ஓட்டிட்டுப் போறது கட்டுப்படியாகாது. பேரல்ல வாங்கி வெக்கறதுதான் வழி. ஆனா ஐப்பசி, கார்த்திகை மழைக்கப்புறம் வண்டி இழுக்கலைன்னா, என்ஜின் டீசல் பம்ப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி பேரலைப் பாருங்க.

200 லிட்டர் பேரலைத் திறந்தவெளியில நிமிர்த்தி வெச்சா மேல்தகட்டு விளிம்புக்குள்ள மழைத்தண்ணி தேங்கும். வெயில்ல டீசல் விரிஞ்சு உள்ள இருக்கற காத்தை வெளிய தள்ளும். ராத்திரி சுருங்கும்போது திரும்ப இழுக்கும். மூடி வாஷர் காஞ்சிருந்தா காத்துக்குப் பதிலா அந்தத் தண்ணிதான் உள்ள இறங்கும். திறக்காத பேரலைப் படுக்க வைங்க. ரெண்டு மூடியும் கடிகாரத்துல 3, 9 இருக்கற இடத்துல வரணும். அப்ப ரெண்டும் டீசல்ல முழுகியே இருக்கும், வாஷரும் காயாது.

எடுத்துப் புழங்கற பேரல் கொட்டகைக்குள்ள கட்டை மேல நிக்கட்டும். பெரிய மூடி இருக்கற பக்கத்துக்கு அடியில அரை செங்கல் வெச்சுச் சாய்ங்க. கைப்பம்ப்பு பெரிய மூடி வழியா இறங்கும். அதோட குழாய் நுனி அடித்தகட்டுக்கு 7 செ.மீ. மேலயே நிக்கணும். சின்ன மூடி பள்ளப் பக்கம் வந்துடுமில்லையா, அது வழியா மெல்லிசு ஓஸ் விட்டு அடியில சேர்ந்ததை மாசம் ஒரு தடவை உறிஞ்சி எடுத்துடலாம். நிரப்பின அன்னிக்கே எடுக்காதீங்க. 24 மணி நேரம் அசையாம நின்னாதான் தூசியும் தண்ணியும் கீழ இறங்கும்.

பம்ப் நாசில் வேலை:
மேல சொன்னது சரி. ஒண்ணு சேர்க்கறேன்: கால்வனைஸ் (துத்தநாகம் பூசின) தகட்டுத் தொட்டி, வாளி எதுவும் வேண்டாம். துத்தநாகம் டீசலோட வினைபுரிஞ்சு சோப்பு மாதிரி பிசுக்கு உண்டாக்கும், அது நேரா என்ஜினுக்குள்ள டீசலைப் பீச்சற நாசிலுக்குத்தான் வரும். சாதா இரும்பு பேரல், இல்லைன்னா டீசலுக்குன்னு வர்ற கெட்டி பிளாஸ்டிக் கேன். பூச்சிமருந்து கேனை எத்தனை கழுவினாலும் தொடாதீங்க.

புனல்ல வலை இருக்கு, போதும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. என்ஜின் பம்ப்புல டீசலைத் தள்ளற தண்டான பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவுல இடைவெளி வெறும் 2-லேர்ந்து 4 மைக்ரான். (இங்க பேரல்னா பம்ப்புக்குள்ள பிளஞ்சர் ஓடற உறை!) கொசுவலைத் துணி எதைத் தடுக்கும்? தண்ணியையும் அது தடுக்காது. தண்ணி போனா பிளஞ்சர்ல துருப்புள்ளி விழும், நாசில் ஊசி சிக்கிக்கும், புகை வெள்ளையா வரும். தண்ணியும் டீசலும் சேர்ற மட்டத்துல நுண்ணுயிர் வளர்ந்தா கறுப்பா சளி மாதிரி ஒண்ணு ஃபில்டரை அடைக்கும். புது ஃபில்டர் போட்டு சில நாள்லயே திரும்ப அடைச்சா, அது பேரல்லேர்ந்து வருது. பேரலைக் காலி பண்ணி, உள்ள தேய்ச்சுக் கழுவிக் காய வெக்காம தீராது.

கொங்கு தோட்டம்:
தண்ணி இருக்கான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியலைன்னா பங்க்கில் குச்சியில் தடவும் வாட்டர் பேஸ்ட் கடையில் கிடைக்கிறது. குச்சி நுனியில் தடவி அடித்தகட்டைத் தொடும்படி ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். நிறம் மாறிய உயரம் வரை தண்ணீர். பேரல் சமமாக நிற்கும்போது 1 செ.மீ. என்றால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர். சும்மா விடுகிற அளவு இல்லை அது.

அளவு பற்றி: எவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்கும் என்பதை வைத்துப் பிரிப்பதில் டீசல் பி வகுப்பு பெட்ரோலியம். ஒரே இடத்தில் 2,500 லிட்டருக்கு மேல் போகாமலும், எந்தக் கலமும் 1,000 லிட்டருக்குப் பெரிதாக இல்லாமலும் இருந்தால் 1934 பெட்ரோலியம் சட்டப்படி சேமிப்பு உரிமம் தேவையில்லை. சின்ன டிராக்டருக்கு அவ்வளவு எதற்கு? நம் வெயிலில் ஆறு மாதத்துக்குள் தீருகிற அளவு வாங்கினால் போதும். பழசு தீர்ந்த பிறகே புதுசை ஊற்றுங்கள்.

வண்டி டேங்கை வேலை முடிந்த சாயங்காலமே நிரப்பிவிடுங்கள், மேலே இரண்டு விரல் இடம் விட்டு. காலி டேங்கில் இரவு ஈரக்காற்று குளிர்ந்து உள்சுவரில் தண்ணீராக வடியும்.

பம்ப் நாசில் வேலை:
ஃபில்டர் கிண்ணத்துத் தண்ணியைக் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி திறந்து விடுங்க. ஓடின பிறகுன்னா கலங்கிடும். பேப்பர் ஃபில்டரைப் பெட்ரோல்ல கழுவித் திரும்பப் போடற பழக்கம் இன்னும் போகல. கழுவினா காகிதம் கிழியும், கிழிஞ்சது கண்ணுக்குத் தெரியாது. மாத்தும்போது புது ஃபில்டருக்குள்ள கேன்லேர்ந்து டீசல் ஊத்தி மாட்டாதீங்க, வடிகட்டாத டீசல் நேரா பம்ப்புக்குப் போகும். காலியா மாட்டி, உள்ள நிக்கற காத்தை எடுக்க ஃபில்டர் மேல இருக்கற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்ரைமரை (டீசலைக் கையால ஏத்தற சின்ன பம்ப்) அடிச்சு, குமிழி நின்னதும் இறுக்குங்க. அடுத்து பம்ப்புல இருக்கற ஏர் ஸ்க்ரூவையும் இதே மாதிரி. அப்பவும் பிடிக்கலைன்னா நாசில் பைப் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிச்சு ஏர் எடுங்க. பீச்சற இடத்துல கை வெக்கக் கூடாது, தோலைத் துளைச்சுடும். ஏர் ஸ்க்ரூ செம்பு வாஷர் தட்டையாயிருந்தா மாத்திடுங்க, இல்லைன்னா அது வழியாவே மறுபடி காத்து ஏறும்.